உறைபெட்டியில் ஒரு மீன்: இளையருக்கான இருள் நகைச்சுவைக் கதைகள் - ஓர் அறிமுகம்

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் ஒரு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கின் 11ஆம் மாடி. அங்கு வசிக்கும் 17 வயதுப் பெண்ணிடம் எதிர்வீட்டுத் தாத்தா தம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு, உறவினர் திருமணத்துக்காக இரண்டு வாரம் திருச்சிக்குப் புறப்படுகிறார். வரவேற்பறைத் தொட்டியில் நீந்தும் அரோவானா மீனுக்கு நாள்தோறும் இரை போடுவது ஒன்றே அவள் செய்ய வேண்டிய வேலை. மூன்றாம் நாள் காலையில் மீன் வயிறு மேலாக மிதக்கிறது. என்ன செய்வதென்று அறியாமல் அவள் அதை அன்றைய நாளிதழில் சுற்றிக் கொண்டுவந்து தன் வீட்டு உறைபெட்டியில் ஒளித்து வைக்கிறாள். அன்று மாலை, தேசிய சேவை முகாமிலிருந்து வார இறுதி விடுப்பில் வந்திருக்கும் தாத்தாவின் பேரன், மீனைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று சாவி கேட்டுக் கதவைத் தட்டுகிறான். அதே வேளையில், குழம்புக்கு மீன் எடுப்பதற்காக அவளுடைய பாட்டி உறைபெட்டியைத் திறக்கிறார்.

இக்கதையை இக்கட்டுரைக்காகவே புனைந்தேன். இதில் ஒரு சாவு இருக்கிறது. மறைக்கப்பட்ட உடல் இருக்கிறது. பொய் சொல்லத் தொடங்கிவிட்ட ஒருத்தி இருக்கிறாள். வாசலில் நிற்கும் ஓர் இளைஞன் இருக்கிறான். படிப்பவருக்கு அச்சமும் வருகிறது, சிரிப்பும் வருகிறது, இவர்கள் இருவருக்கும் இடையே என்ன நேரும் என்ற ஆவலும் வருகிறது. இத்தகைய கதைகளை ஆங்கிலப் பதிப்புலகம் 'டார்க் காமெடி த்ரில்லர்' என்றும் 'ரொமான்டிக் காமெடி' என்றும் இரண்டு பெயரிட்டு இரண்டு அடுக்குகளில் வைக்கிறது. ஆயினும் ஒரே எழுத்தாளர் இரண்டையும் எழுதுவதும், ஒரே நூலில் இரண்டும் கலந்திருப்பதும் அடிக்கடி காணக்கூடியவை. அது தற்செயலாக நேர்வதில்லை என்பதே என் கருத்து. இவ்விரண்டு வகைக் கதைகளையும் இயக்குவது ஒரே விசை; ஒளித்து வைத்த ஒன்று எப்போது வெளிப்படும் என்ற காத்திருப்பே அந்த விசை. பெரியவர் உலகில் அடியெடுத்து வைக்கும் வயதில் அக்காத்திருப்பு எப்படிச் சிரிப்பாகவும் நடுக்கமாகவும் ஒருசேர மாறுகிறது என்பதை, இவ்வகை நூல்களை இதுவரை தொடாதவருக்கும் விளங்கும்படி சொல்ல முயல்கிறேன்.

முதலில் 'இளையர்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் தேசிய இளையர் மன்றம் 15 முதல் 35 வயது வரை உள்ளவர்களை இளையர் என்று கொள்கிறது. பதிப்புலகம் அவ்வளவு அகலமாகப் போவதில்லை. 'யங் அடல்ட்' என்று அது குறிப்பது பெரும்பாலும் 12 முதல் 18 வயது வரையிலான வாசகரை. அமெரிக்க நூலகச் சங்கம் 1957இல் இவ்வயதினருக்கெனத் தனிப் பிரிவொன்றை ஏற்படுத்தியது. அமெரிக்க எழுத்தாளர் எஸ். இ. ஹின்டன் பள்ளி மாணவியாக இருந்தபோது எழுதத் தொடங்கிய 'தி அவுட்சைடர்ஸ்' நாவல் 1967இல், அவருக்கு 18 வயதாக இருந்தபோது வெளிவந்தது. அவ்வயதினரைப் பற்றி அவ்வயதிலிருந்தே பேச முடியும் என்பதைப் பதிப்பாளர்களுக்கு உணர்த்திய நூல்களில் அது முன்னிற்கிறது.

இளையர் நாவலின் இலக்கணம் அது பேசும் பொருளில் இல்லை. இங்குத் திரைப்படங்களுக்குப் பிஜி13, என்சி16, எம்18 என்று தரநிலைகள் வழங்கப்படுகின்றன; திரையில் என்ன காட்டப்படுகிறது என்பதை வைத்து அவை அளக்கின்றன. இளையர் நாவலைப் பிரித்தறிய அந்த அளவுகோல் போதாது. 40 வயதுக்காரர் தம் 17ஆம் வயதை நினைத்துச் சொல்லும் கதை பெரியவருக்கான கதைதான். பின்னால் என்ன ஆயிற்று என்பது அவருக்குத் தெரியும், ஆகவே அவருடைய குரலில் ஓர் ஆறுதல் கலந்துவிடுகிறது. 17 வயதுக்குள்ளேயே நின்று, நாளை என்ன ஆகும் என்று தெரியாமல் சொல்லப்படும் கதையே இளையர் கதை. 'ஓ' நிலைத் தேர்வில் ஒரு பாடத்தில் சறுக்குவதும், தோழி அனுப்பிய வாட்ஸ்அப் செய்திக்கு விடை எழுதாமல் விட்டதும், கொலையும் அந்த மனத்தில் ஏறத்தாழ ஒரே எடையில் இருக்கும். இந்த அளவு மயக்கத்தைப் பெரியவர்கள் குறையாகக் கருதுகிறார்கள். கதை சொல்பவருக்கோ அது பெரும் செல்வம், ஏனெனில் சிறியது பெரியதாகவும் பெரியது சிறியதாகவும் தோன்றும் இடத்தில்தான் சிரிப்பும் அச்சமும் பிறக்கின்றன.

அடுத்து, 'த்ரில்லர்'. தமிழில் இதைத் திகில் கதை, மர்மக் கதை, துப்பறியும் கதை என்றெல்லாம் கலந்து வழங்குகிறோம். தொடக்க வாசகர் இவற்றைப் பிரித்துக்கொள்வது நல்லது. துப்பறியும் கதை பின்னோக்கிப் பார்க்கிறது: நடந்தது நடந்துவிட்டது, செய்தவர் யார் என்பதே கேள்வி. பரபரப்புக் கதையாகிய த்ரில்லர் முன்னோக்கிப் பார்க்கிறது: நடக்கப்போவதைத் தடுக்க முடியுமா, மாட்டிக்கொள்வார்களா, தப்புவார்களா என்பவை அதன் கேள்விகள். திரைப்பட இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1960களில் பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ருஃபோவுடன் நடத்திய நீண்ட உரையாடலில் இதற்கொரு விளக்கம் தந்தார். இருவர் மேசையருகே அமர்ந்து பேசிக்கொண்டிருக்கையில் திடீரென்று குண்டு வெடித்தால், பார்ப்பவருக்குக் கிடைப்பது 15 விநாடி அதிர்ச்சி. மேசைக்கு அடியில் குண்டு இருப்பதையும் அது வெடிக்கப்போகும் நேரத்தையும் முன்னரே காட்டிவிட்டு அதே பேச்சைத் தொடரவிட்டால், கிடைப்பது 15 நிமிடத் தவிப்பு. நம் கதையில் உறைபெட்டியில் இருக்கும் மீன்தான் அந்தக் குண்டு. அது அங்கிருப்பது நமக்குத் தெரியும், பாட்டிக்குத் தெரியாது. பாட்டியின் கை உறைபெட்டிக் கதவில் படும் அந்தக் கணம் முழுவதும் இந்த அறிவு வேறுபாட்டில் நிற்கிறது.

இதே அறிவு வேறுபாடுதான் நகைச்சுவைக்கும் அடித்தளம் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். உறைபெட்டியைத் திறந்த பாட்டி, வால் மடிந்து கிடக்கும் பொதியைப் பார்த்து, "இது என்ன புள்ள, யாரு வாங்குனது?" என்று கேட்கிறார். அவள் வாயில் வந்ததைச் சொல்கிறாள்: "அறிவியல் பாடத்துக்குப் பாட்டி." "படிப்புக்குன்னா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பாட்டி, தாம் வாங்கி வைத்திருந்த உறைந்த பரோட்டாப் பொட்டலத்தை வெளியே எடுத்து, மீன் வசதியாகக் கிடக்க இடம் செய்து கொடுக்கிறார். இவ்விடத்தில் வாசகர் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குள் ஒரு வலியும் இருக்கிறது. அதை இப்போதைக்கு அப்படியே வைத்துவிட்டு, பின்னால் அதற்குத் திரும்புகிறேன்.

'இருள் நகைச்சுவை' என்று நான் சொல்வதை 'அவல நகைச்சுவை' என்றும், பேச்சு வழக்கில் 'டார்க் காமெடி' என்றும் சொல்கிறார்கள். சாவு, நோய், குற்றம், தண்டனை போன்ற சிரிக்கத் தகாதவை எனக் கருதப்படும் பொருள்களிலிருந்து சிரிப்பை எழுப்புவது அது. பிரெஞ்சுக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் 1940இல் இத்தகைய எழுத்துகளைத் திரட்டி வெளியிட்ட தொகுப்பே இதற்கு மேலை இலக்கியத்தில் ஒரு நிலையான பெயரை அளித்தது. அம்மரபின் தொடக்கமாக அவர் அங்கத எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்டைக் காட்டினார். வியன்னாவில் வாழ்ந்த உளவியல் அறிஞர் சிக்மண்ட் ஃபிராய்ட் காட்டும் எடுத்துக்காட்டு இன்னும் எளியது. திங்கட்கிழமை காலையில் தூக்குமேடைக்கு அழைத்துச் செல்லப்படும் கைதி, "இந்த வாரம் நன்றாகத்தான் தொடங்குகிறது" என்கிறான். இங்கே சாவு கேலி செய்யப்படவில்லை. அவனுக்கு இனி ஒரு வாரமே இல்லை என்பது தெரிந்தும், வாரத்தைப் பற்றிப் பேசும் வழக்கத்தை அவன் விடவில்லை. சாவுக்கு முன்னால் தன் மனத்தைச் சிறிது நேரம் நிமிர்த்திக்கொள்கிறான். கேட்பவர் சிரிப்பது அந்த நிமிர்வுக்காக.

ஆனால் தமிழ் வாசகருக்கு இதை விளக்க வியன்னாவரை போக வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்வு உடலில் புலப்படுவதை எட்டாக வகுத்து, நகையை முதலில் வைக்கிறது. அச்சமும் உவகையும் அதே வரிசையில் வருகின்றன. நகை எதிலிருந்து பிறக்கும் என்பதற்கு அது சொல்லும் நான்கு நிலைக்களன்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பவை. எள்ளல் என்பது பிறரை இகழ்ந்து சிரிப்பதும் பிறர் நம்மை இகழ்வதால் எழும் சிரிப்பும், பேதைமை அறியாமை, மடன் என்பது ஒன்றைப் பற்றிக்கொண்டபின் அது தவறென்று தெரிந்தாலும் விடாதிருத்தல். இவற்றோடு இளமையையே ஒரு தனி ஊற்றாக அந்நூல் வைத்திருப்பது ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்பளிக்கிறது. அறியாமைக்கும் விடாப்பிடிக்கும் அருகில், அவற்றிலிருந்து வேறாக, இளமை என்பதே நகைக்கு இடமாகும் என்று அது கருதியிருக்கிறது. நம் கதைப் பெண் மீன் செத்ததும் தாத்தாவுக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம் என்பது 40 வயதில் எல்லாருக்கும் தெரிகிறது. அவளுக்குத் தோன்றாதது இளமை. உறைபெட்டியில் வைத்தால் ஏதோ சரியாகிவிடும் என்று நினைத்தது பேதைமை. அறிவியல் பாடம் என்று ஒரு பொய் சொன்னபின் அதையே கட்டிக்காக்கப் போவது மடன்.

அச்சத்துக்கும் அவ்வியல் நான்கு களன் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. பேய்க் கதையும் காட்டுக் கதையும் குற்றக் கதையும் முதல் மூன்றில் அடங்கிவிடும். நான்காவதாகிய இறை, தமக்கு மேலிருந்து ஆள்பவரைக் குறிக்கும். இளையர் த்ரில்லரில் உண்மையான அச்சம் பெரும்பாலும் இந்த நான்காம் ஊற்றிலிருந்தே வருகிறது என்று நான் நம்புகிறேன். கதையில் கொலைகாரன் இருக்கலாம். ஆனால் இரவு 11 மணிக்கு வீட்டுக் கதவைத் திறக்கும் அம்மாவின் முகத்துக்கு அஞ்சுவதைப்போல அந்தப் பெண் கொலைகாரனுக்கு அஞ்சுவதில்லை. பெற்றோர், ஆசிரியர், பள்ளி முதல்வர், முகாமின் மேலதிகாரி ஆகியோரிடம் உண்மையைச் சொல்ல முடியாமை என்ற ஒன்று இல்லாவிட்டால் இவ்வகைக் கதைகளில் பாதி முதல் அத்தியாயத்திலேயே முடிந்துவிடும்.

காதல் நகைச்சுவை எங்கே வந்து சேர்கிறது என்பதை இனிப் பார்க்கலாம். அதன் எலும்புக்கூடு மிக எளியது. இருவர் சேர வேண்டும் என்பது வாசகருக்கு முதலிலேயே தெரிந்துவிடும்; சேர முடியாதபடி ஏதோ ஒன்று தடுக்கும்; அத்தடை பெரும்பாலும் அவர்களே உண்டாக்கிய பொய்யாகவோ தவறான புரிதலாகவோ இருக்கும்; இறுதியில் அது உடையும். முடிவு தெரிந்த கதையை ஏன் படிக்க வேண்டும் என்று சில மாணவர்கள் கேட்பதுண்டு. தடை எப்படி உடையும், உடையும்போது யார் எவ்வளவு வெட்கப்பட வேண்டியிருக்கும் என்பதைக் காணவே படிக்கிறோம்.

இதைத் தமிழில் எழுதிக் காட்டிய மிகப் பழையவர்களுள் ஒருவர் கபிலர். கலித்தொகையில் அவர் பெயரில் உள்ள குறிஞ்சிக்கலியில் ஒரு பெண் தன் தோழியிடம் பேசுகிறாள். சிறு வயதில் தெருவில் நாம் கட்டிய மணல் வீட்டைக் காலால் சிதைத்து, தலையில் சூடிய மாலையை அறுத்து, பந்தைப் பறித்துக்கொண்டு ஓடினானே ஒரு பயல், அவன் முன்பொரு நாள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்று கேட்டான் என்கிறாள். அம்மாவும் அவளும் வீட்டில் இருந்தார்கள். பொற்கலத்தில் நீர் வார்த்துக் கொடுத்து வா என்று அம்மாவே அனுப்புகிறாள். இன்னார் என்று அறியாமல் போனவளின் வளையணிந்த முன்கையை அவன் பற்றிவிடுகிறான். பதறிப்போய், "அம்மா, இவன் செய்ததைப் பார்" என்று கத்திவிடுகிறாள். அம்மா அலறிக்கொண்டு ஓடி வருகிறாள். அந்த நொடியில் அவள் வாயில் வருவது ஒரு பொய்: "உண்ணுநீர் விக்கினான்." தண்ணீர் குடிக்கும்போது விக்கல் எடுத்துவிட்டதாம். அம்மா அதை நம்பி, அவன் முதுகை இதமாகத் தடவிக் கொடுக்கிறாள். அவனோ, கடைக்கண்ணால் இவளைக் கொல்வதைப்போலப் பார்த்துச் சிரிக்கிறான்.

ஒரு திரைக்கதை ஆசிரியர் இதில் எதையும் கூட்டவோ குறைக்கவோ முடியாது. பழைய பகை இருக்கிறது, எதிர்பாராத சந்திப்பு இருக்கிறது, 'இறை'யாகிய அம்மா ஓடிவரும் அச்சம் இருக்கிறது, பொய் இருக்கிறது, அந்தப் பொய்யால் இருவரும் ஒரே பக்கம் சேர்ந்துவிடும் திருப்பமும் இருக்கிறது. காதல் எங்கே தொடங்கியது என்று கேட்டால், அவன் கையைப் பற்றிய இடத்தில் அல்ல, அவள் பொய் சொல்லத் தேர்ந்த இடத்தில் என்றே நான் சொல்வேன். கேட்காமல் ஒருத்தியின் கையைப் பற்றுவதை இன்று எழுதப்படும் இளையர் நாவல் எளிதாகக் கடந்து போகாது; மாணவர்களுடன் இப்பாடலைப் படிக்கும்போது அதை வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். எனினும் இப்பாடலில் தேர்வு செய்யும் உரிமை கடைசியில் அவளிடம் இருக்கிறது. ஒரு சொல் மாற்றிச் சொல்லியிருந்தால் அவன் நிலைமை வேறு. அதை அவனும் அறிவான், ஆகவேதான் அந்தப் பார்வையில் சிரிப்போடு நடுக்கமும் இருக்கிறது.

என்னை இப்பாடலில் மிகவும் தொடுவது அந்த அம்மா. ஏமாற்றப்பட்டவள் அவள், ஆனால் முட்டாளாக்கப்படவில்லை. யாரோ ஒரு பிள்ளைக்கு விக்கல் என்றதும் முதுகைத் தடவும் அன்பினால் அவள் ஏமாறுகிறாள். நம் கதைப் பாட்டியும் அப்படித்தான். பேத்தியின் படிப்புக்காகப் பரோட்டாவை வெளியே எடுத்து இடம் செய்து கொடுப்பவரைப் பார்த்துச் சிரிக்கும்போதே நமக்கு நெஞ்சு உறுத்துகிறது. பெரியவர்களை அறிவற்றவர்களாகக் காட்டி எழுதப்படும் இளையர் நகைச்சுவை இரண்டு அத்தியாயத்தில் சலித்துவிடும். பெரியவரின் அன்பே பொய்யின் எடையைக் கூட்டும்படி எழுதப்படும் கதை கடைசிவரை இழுத்துச் செல்லும். இவ்வகை நூலொன்று நன்றாக இருக்கிறதா என்று அறிய நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அகப்பாடல் மரபு இக்கலைக்கு வேறு சில கருவிகளையும் வைத்திருக்கிறது. இன்று கதைகளில் வரும் 'நெருங்கிய தோழி' எனும் பாத்திரம் சங்கப் பாடல்களின் தோழியேதான். செய்தி கொண்டு போவதும், தலைவனைக் கண்டித்துப் பேசுவதும், உரிய நேரத்தில் செவிலியிடம் உண்மையைப் போட்டு உடைத்து 'அறத்தொடு நிற்பதும்' அவள் வேலை. ஊரார் வாய்க்குள் முணுமுணுப்பது அம்பல், வெளிப்படையாகப் பேசுவது அலர். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் பகிரப்பட்டு மறுநாள் பள்ளி முழுவதும் தெரிந்துவிடும் காட்சியை எழுதும் எழுத்தாளர், அம்பல் அலராகும் கணத்தையே எழுதுகிறார்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம். பரபரப்புக் கதையில் ஒளிக்கப்படுவது குற்றம்; காதல் நகைச்சுவையில் ஒளிக்கப்படுவது விருப்பம். இருள் நகைச்சுவை அவ்விரண்டையும் ஒரே அலமாரியில் வைத்துப் பூட்டுகிறது. மீன் கதையைத் தொடர்வோம். பேரன் மீனைப் பார்க்க வந்தது சும்மா அல்ல. தாத்தாவை வழியனுப்ப வந்த அன்று, தொட்டியின் வடிகட்டிச் செருகியைக் கழற்றிவிட்டுத் தன் கைப்பேசியை மின்னேற்றியவன், அதைத் திரும்பப் பொருத்தினானா என்பது முகாமுக்குப் போனபின்தான் அவனுக்கு ஐயமாகிறது. தன்னால் மீன் செத்திருக்கும் என்று அவன் அஞ்சுகிறான். தன்னால் செத்தது என்று அவள் அஞ்சுகிறாள். இருவரும் ஒரே குற்றத்தைத் தனித்தனியே மறைக்கிறார்கள். மீன் நலமாக இருக்கிறது என்று அவள் சொல்ல, அவன் முகம் மலர்கிறது; அந்த மலர்ச்சியைக் கண்டு அவளுக்கு அவனைப் பிடித்துப்போகிறது; பிடித்துப்போனதால் உண்மையைச் சொல்வது இன்னும் கடினமாகிறது.

இங்கிருந்து கதையைக் கொண்டு செல்வதற்கு இவ்வகை நூல்கள் கடைப்பிடிக்கும் வழக்கம் ஒன்றுண்டு: ஒவ்வொரு தீர்வும் முந்தைய சிக்கலைவிடப் பெரிய சிக்கலைக் கொண்டுவர வேண்டும். அவள் அதே நிறத்தில் வேறு அரோவானா வாங்கித் தொட்டியில் விட்டுவிடலாம் என்று மீன் கடைக்குப் போகிறாள். அங்கே விலையைக் கேட்டுத் திகைப்பது சிறிய தடை. ஆசிய அரோவானா, அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கும் மீன். பதிவு பெற்ற பண்ணையில் வளர்க்கப்பட்டவையே முறைப்படி அனைத்துலக வர்த்தகத்துக்கு வருகின்றன, அவற்றின் உடலில் அரிசிமணி அளவு நுண்சில்லு பொருத்தப்பட்டிருக்கும், சான்றிதழும் உடன் வரும். ஆகவே புதிய மீன் எவ்வளவுதான் ஒத்திருந்தாலும் உள்ளே இருக்கும் எண் வேறாக இருக்கும். கடைக்காரர் இதைச் சாதாரணமாக விளக்கிக்கொண்டிருக்கையில் அவள் முகம் வெளிறுவதை எழுதினால், அது முழுமையான த்ரில்லர் காட்சி. அவள் கவலைப்படுவது ஒரு மீனின் அடையாள எண்ணைப் பற்றி என்பதால், முழுமையான நகைச்சுவைக் காட்சியும் ஆகும். உலகத்தைப் பற்றிய உண்மையான செய்தி ஒன்று சரியான இடத்தில் வந்து நிற்பது இவ்வகை எழுத்துக்குப் பெரும் வலிமை. கற்பனையான தடையைவிட மெய்யான தடை வலுவாக அச்சுறுத்துகிறது.

அச்சத்தையும் காதலையும் இப்படிச் சேர்த்துக் கட்டுவது புதிதன்று. ஆங்கில எழுத்தாளர் ஜேன் ஆஸ்டினின் மறைவுக்குப் பின் 1817 இறுதியில் வெளியான 'நார்த்தாங்கர் அபி' நாவலின் நாயகிக்கும் 17 வயதுதான். திகில் நாவல்களில் ஊறியவள் அவள். தான் விரும்பும் இளைஞனின் பழைய மாளிகையில் தங்கும்போது, இரவில் ஓர் அலமாரிக்குள் சுருட்டி வைத்த தாள்களைக் கண்டெடுக்கிறாள், விளக்கு அணைந்துவிடுகிறது, விடியும்வரை நடுங்குகிறாள். காலையில் பார்த்தால் அவை சலவைக் கணக்குச் சீட்டுகள். இதுவரை வெறும் சிரிப்பு. ஆனால் அந்த இளைஞனின் தாயை அவன் தந்தையே கொன்றிருப்பார் என்று அவள் ஐயுறத் தொடங்குவதும், அந்த ஐயம் அவனுக்கே தெரியவந்து அவள் வெட்கத்தால் குன்றிப்போவதும் வேறு வகை. தன் கற்பனை இன்னொருவரின் உண்மையான துயரத்தின்மேல் கால் வைத்துவிட்டது என்று அவள் உணரும் இடத்தில் நாவல் சிரிப்பை நிறுத்திவிடுகிறது. எங்கே நிறுத்துவது என்பதை அறிவதுதான் இக்கலையின் கடினமான பகுதி.

நகைச்சுவையை ஆராய்ந்த பீட்டர் மெக்ராவும் கேலப் வாரனும் 2010இல் வெளியிட்ட ஆய்வு இதை வேறு மொழியில் சொல்கிறது. ஏதோ ஓர் ஒழுங்கு மீறப்பட வேண்டும்; ஆனால் அம்மீறலால் பெரிய தீங்கில்லை என்ற உணர்வும் அதே நேரத்தில் இருக்க வேண்டும்; இரண்டும் கூடினால் சிரிப்பு வரும் என்பது அவர்களின் கருத்து. மீறல் மட்டும் இருந்தால் அருவருப்போ சினமோ வரும். தீங்கின்மை மட்டும் இருந்தால் சலிப்பு வரும். இறந்தது மீன் என்பதால் நாம் சிரிக்கிறோம். இறந்தவர் தாத்தாவாக இருந்து, உறைபெட்டியில் அவர் இருந்தால், அதே நிகழ்ச்சிகளுக்குச் சிரிப்பது கடினம். முடியாது என்று சொல்லவில்லை. உண்மையாகவே பிணத்தை வைத்து எழுதப்பட்ட இளையர் நாவல்கள் ஆங்கிலத்தில் உண்டு. அங்கே எழுத்தாளர் இறந்தவரைக் கொடியவராகவோ, நமக்கு அறிமுகமற்றவராகவோ வைத்து வாசகரைத் தொலைவில் நிறுத்திக்கொள்கிறார். பழகுநர் ஒருவர் அந்தத் தொலைவை அளக்கக் கற்றுக்கொள்ளும்வரை மீனோடு தொடங்குவது நல்லது.

சிங்கப்பூரில் இக்கதைகளை எழுதுபவர் அந்தத் தொலைவை இன்னும் கவனமாக அளக்க வேண்டியிருக்கிறது. கொலைக்கும் போதைப்பொருள் கடத்தலுக்கும் இங்கே மரண தண்டனை உண்டு. தூக்குமேடை நகைச்சுவை என்பது இவ்வூரில் புத்தகச் சொல் மட்டுமன்று. எனவே இங்கு நடக்கும் கதையில் குற்றம் எவ்வளவு பெரியதோ அவ்வளவுக்கு நகைச்சுவை குறையும். சிறிய குற்றம், பெரிய அச்சம் என்ற விகிதமே இவ்வூருக்குப் பொருந்துகிறது. அதற்கு ஏற்ற இடங்களும் இங்கே நிறைய உள்ளன. மின்தூக்கியில் பத்து விநாடி ஒன்றாக நிற்க வேண்டிய இருவர். எதிர்வீட்டு வாசல் தெரியும் பொதுத் தாழ்வாரம். கண்காணிப்புக் கேமரா பொருத்திய படிக்கட்டு. கீழ்த்தளத்தில் ஒரு நாள் மலாய்த் திருமணமும் இன்னொரு நாள் சீனர் ஈமச்சடங்கும் நடக்கும் இடம். மீன் பொதியைத் தூக்கிக்கொண்டு இறங்குபவள், கீழ்த்தளத்தில் ஈமச்சடங்குக் கூடாரத்தைக் கண்டதும் கையிலிருப்பதை மறந்து நின்றுவிடும் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஒருவர் வாழ்க்கை இன்னொருவர் கண்ணில் படாமல் நகர முடியாத ஊரில், ஒளித்து வைக்கும் கதைக்கு இடம் தானாகவே அமைகிறது.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். நம் பிள்ளைகள் பாட்டியிடம் தமிழிலும் தோழியிடம் ஆங்கிலம் கலந்தும் பேசுகிறார்கள். எந்தப் பொய்யை எந்த மொழியில் சொல்கிறார்கள் என்பதே கதைக்குள் ஒரு தடயமாக முடியும். எழுத்து நடையை எழுத்துத் தமிழில் வைத்துக்கொண்டு, உரையாடலைப் பேச்சுத் தமிழில் விடுவது இதுவரை நன்றாகப் பயன்பட்டுவரும் வழி. உரையாடலையும் பாடநூல் தமிழில் எழுதினால் 17 வயதுப் பெண் 70 வயது ஆசிரியராகிவிடுவாள், நகைக்கு இடமான இளமை அங்கே மறைந்துவிடும்.

இனி எல்லைகள். எள்ளலை யார்மேல் செலுத்துகிறோம் என்பதில் மிகுந்த கவனம் வேண்டும். நகையின் நான்கு ஊற்றுகளில் இளமை, பேதைமை, மடன் மூன்றும் பாத்திரத்தின் சொந்தத் தவற்றிலிருந்து வருபவை. அவற்றால் யாரும் சிறுமைப்படுவதில்லை. எள்ளல் மட்டும் ஆளைத் தேடிப் போகிறது. வலிமையுள்ளவரை நோக்கிப் போனால் அது துணிவு; வீட்டுப் பணிப்பெண்ணையோ, கட்டுமானத் தொழிலாளரையோ, ஒருவரின் நிறத்தையோ உடலையோ நோக்கிப் போனால் அது கொடுமை, அதற்கு இருள் நகைச்சுவை என்று பெயர் சூட்டிவிட முடியாது. தற்கொலை, வீட்டுக்குள் நடக்கும் வன்முறை ஆகியவற்றைச் சிரிப்புப் பொருளாக்கும் கதையை இவ்வயதினரிடம் கொடுக்கக் கூடாது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அதைப் படிக்கும் பிள்ளைகளுள் ஒருவர் அந்த வீட்டில் வாழ்பவராக இருக்கக்கூடும். அதே வேளையில், சாவு என்ற சொல் வந்தாலே புத்தகத்தைப் பிடுங்கிவிடும் பெற்றோரோடும் நான் உடன்படவில்லை. பாட்டியின் உடல்நலம், தேர்வு, முகாம், நாளைய வேலை என்று அஞ்சுவதற்கு அவர்களுக்கு எவ்வளவோ இருக்கிறது. அந்த அச்சத்தோடு சிரிக்கவும் முடியும் என்று காட்டும் கதை அவர்களுக்குத் தேவைப்படுகிறது.

தமிழில் சிறுவர் கதைகளும் உண்டு, பெரியவர் நாவல்களும் உண்டு. இடைப்பட்ட வயதுக்கு எழுதப்பட்டவை அவற்றைவிட மிகக் குறைவு. இங்குள்ள பொது நூலகங்களில் இளையருக்கென்று ஒதுக்கிய ஆங்கில அடுக்குகளிலிருந்து ஒன்றை எடுத்துப் படித்துப் பார்ப்பது தொடங்குவதற்கு எளிய வழி. படிக்கும்போது இரண்டு கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இங்கே ஒளிக்கப்பட்டிருப்பது என்ன, அது யாருக்குத் தெரியும்? எழுத விரும்புபவர் ஒளித்து வைக்கும் பொருளை முதலில் தேர்ந்துகொள்வது நல்லது. பாத்திரங்களும் காதலும் அதைச் சுற்றித் தாமாகவே வந்து கூடும்.

மீன் கதையை எப்படி முடிப்பேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மீன் தாத்தாவின் மறைந்த மனைவி வாங்கியது என்பதையும், மாலைதோறும் அவர் தொட்டியருகே அமர்ந்து அதனிடம் பேசுவார் என்பதையும் பேரன் சொல்லித்தான் அவள் அறிகிறாள். அதற்குமேல் பொய்யைத் தொடர அவர்கள் இருவராலும் முடியவில்லை. தாத்தா திருச்சியிலிருந்து திரும்பிய மாலையில், உறைந்த பொதியை ஏந்திக்கொண்டு இருவரும் அவர் வாசலில் நிற்கிறார்கள். பின்னால் பாட்டி, அறிவியல் பாடம் எதிர்வீட்டுக்கு ஏன் போகிறது என்று புரியாமல் நிற்கிறார். தாத்தா பொதியை மடியில் வாங்கி, மெல்லப் பிரிக்கிறார். மீனை வெகுநேரம் பார்க்கிறார். பிறகு அதைச் சுற்றியிருந்த நாளிதழின் தேதியைப் படித்து, விரல்விட்டு எண்ணுகிறார்.

"பதினோரு நாளாச்சே," என்கிறார். "பதினோரு நாளா நீ தூங்கவே இல்லையாம்மா?"